அந்தப் பூநாரை எத்தனை மீட்டரில்?

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் போய், அங்கிருந்து தெற்கே திரும்பினால் கழுவெளி. கடல் நீரும் மழை நீரும் கலந்து கிடக்கும் பெரும்பரப்பு. தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்து இதைத்தான் சொல்வார்கள். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமானது; 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பனிக்காலத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் நடுவில் பூநாரைகள் நின்று மேயும். கரையில் நிற்கும் நாலு பேரிடம் அவை எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் 300 மீட்டர் என்பார். அரைக் கிலோமீட்டருக்குக் குறையாது என்று இன்னொருவர் அடித்துச் சொல்வார். நாலு பேருக்கும் பார்வையில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

நம் இரண்டு கண்களுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான இடைவெளி இருக்கிறது. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றதை மூடிப் பாருங்கள். பின்னாலிருக்கும் சுவருக்கு எதிரே விரல் இடம் மாறித் தாவும். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். பொருள் தள்ளிப் போகப் போக இந்தத் தாவல் குறையும். சில பத்து மீட்டர்களைத் தாண்டினால் மூளைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அதற்கு மேல் தூரத்தை மூளை ஊகிக்கிறது. மாடு இவ்வளவு சிறிதாகத் தெரிந்தால் இவ்வளவு தள்ளி, நடுவில் இத்தனை மரம் இருந்தால் இவ்வளவு தொலைவு என்று பழகிய உருவங்களை வைத்துப் போடும் கணக்கு அது. கழுவெளியில் நடுவே மரமும் இல்லை, மின்கம்பமும் இல்லை. தண்ணீரும் சேறும் வானமும்தான். ஊகிக்கப் பிடிமானம் இல்லாதபோது ஆளுக்கொரு எண் வருவதில் வியப்பில்லை.

கண்களைத் தள்ளி வைத்தவர்கள்

ஆறு சென்டிமீட்டர் இடைவெளி போதவில்லை என்றால் அதைக் கூட்டலாமே என்ற எண்ணம் பழையது. 1888-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கல்லூரி ஆசிரியர்களாக இருந்த ஆர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்ட்ரவுட் இருவரும் இந்த வழியில் ஒரு தொலைவுமானியை வடிவமைத்தார்கள். நீண்ட குழாயின் இரு முனைகளிலும் இரண்டு சாளரங்கள் இருக்கும். இரண்டின் வழியாகவும் வரும் பிம்பங்கள் நடுவில் இருக்கும் ஒரே கண்ணுக்கு வந்து சேரும். இரண்டும் ஒன்றாகப் பொருந்தும்வரை திருகைத் திருப்ப வேண்டும். எவ்வளவு திருப்பினோம் என்பதே தூரத்தைச் சொல்லிவிடும். முதல் உலகப்போர்க் காலத்துப் போர்க்கப்பல்களில் இந்தக் குழாய்கள் 9 அடி, 15 அடி நீளத்தில் இருந்தன.

இதையே பல கிலோமீட்டர் அகலத்தில் செய்து காட்டியவர் நில அளவையாளர் வில்லியம் லாம்டன். 1802-ல் சென்னை பரங்கிமலைக்கு அருகிலிருந்து பெரும்பாக்கம் பக்கமாக ஏழரை மைல் நீளத்துக்கு நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்தார். அதுதான் அடிக்கோடு. அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்துக் குன்று ஒன்றைப் பார்த்துக் கோணங்களை எடுத்தால், அந்தக் குன்றுக்குப் போகாமலே அதன் தொலைவு கிடைத்துவிடும். அங்கிருந்து அடுத்த முக்கோணம், அதிலிருந்து இன்னொன்று. இப்படியே இன்றைய திண்டிவனம் வட்டாரத்தைக் கடந்து கடலூர் அருகிலுள்ள திருவந்திபுரம் வரை முக்கோணங்கள் வந்தன. பிற்பாடு இமயம் வரை போன பெரும் நில அளவைக்கு இதுதான் தொடக்கம்.

கோணத்தை வைத்து அளக்கும் இந்த முறைக்கு ஒரு தொல்லை உண்டு. அடிக்கோடு மாறாமல் இருக்க, தூரம் இரண்டு மடங்கானால் பிழை நான்கு மடங்காகிவிடும். மூன்று மடங்கானால் பிழை ஒன்பது மடங்கு. லாம்டன் ஏழரை மைல் கோடு போட்டது இதற்காகத்தான். கழுத்தில் தொங்கவிடும் பைனாகுலரில் அவ்வளவு அகலத்துக்கு எங்கே போவது?

வேட்டைக்காரருக்கு ஏன் தேவைப்பட்டது

கையடக்கத் தொலைவுமானியை அதிகம் கேட்டு வாங்கியவர்களில் வேட்டைக்காரர்களும் உண்டு. துப்பாக்கிக் குண்டு நேர்கோட்டில் போவதில்லை. குழலை விட்டு வெளியே வந்த கணமே கீழே விழத் தொடங்குகிறது. வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு, காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், 300 மீட்டர் போவதற்குள் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் இறங்கிவிடும். 400 மீட்டரில் இறக்கம் 120 சென்டிமீட்டரைத் தாண்டும். மான் நிற்கும் தூரத்தை 100 மீட்டர் தவறாகக் கணித்தால் குண்டு அரை மீட்டருக்கு மேல் விலகும். ஒன்று, குறி தப்பும். அல்லது மான் காயத்தோடு ஓடிச் சாகும்.

நம் நாட்டில் இந்தத் தேவை இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, குறிப்பிட்ட சில விதிவிலக்குகள் போக, காட்டுயிர் வேட்டை குற்றம். துப்பாக்கி சுடும் போட்டிகளிலோ இலக்கு 10, 25, 50 மீட்டர் என்று முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டிருக்கும். ஆனால் கருவி மட்டும் வேறு கைக்கு மாறி இங்கேயும் வந்துவிட்டது. காட்டுயிர்களைச் சுட அல்ல, எண்ணுவதற்கு அது வேண்டியிருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு பார்ப்போம். முதலில் கருவிக்குள் நடப்பதைப் பார்க்கலாம்.

ஒளிக்குப் போட்ட கெடிகாரம்

1960-ல் லேசர் வந்தது. சில ஆண்டுகளுக்குள் ராணுவங்கள் அதைத் தூரம் அளக்கப் பயன்படுத்தத் தொடங்கின. பைனாகுலருக்குள் லேசர் தொலைவுமானியைப் பொருத்தி வேட்டைக்காரர்களுக்கு விற்ற முதல் கருவிகளில் ஒன்று, ஜெர்மனியின் லைக்கா நிறுவனம் 1992-ல் கொண்டுவந்த ஜியோவிட்.

இதில் கோணமும் கிடையாது, அடிக்கோடும் கிடையாது. பொத்தானை அமுக்கினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி மிகச் சிறு துடிப்பாகக் கிளம்புகிறது. அது பொருளில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கருவி எண்ணுகிறது. ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகும். 600 மீட்டரில் நிற்கும் பூநாரையைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஆகும் நேரம், ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 4 பங்கு, அதாவது 4 மைக்ரோ வினாடி. பூநாரை ஒரு மீட்டர் தள்ளி நின்றால் போக ஒன்று, வர ஒன்று என்று பாதை 2 மீட்டர் கூடும். அந்த இரண்டு மீட்டரைக் கடக்க ஒளிக்கு 7 நானோ வினாடிகூட ஆவதில்லை. நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. கேட்க மலைப்பாக இருந்தாலும் இன்றைய மின்னணுச் சில்லுகளுக்கு இது அன்றாட வேலை.

இந்த முறையில் பிழை தூரத்தோடு வளர்வதில்லை. 200 மீட்டரில் ஒரு மீட்டர் முன்பின் காட்டும் கருவி, 1000 மீட்டரிலும் ஏறத்தாழ அவ்வளவேதான் பிசகும். ஆனால் புதிதாக ஒரு சங்கடம் வந்து சேர்கிறது. பழைய குழாய்க் கருவி தூரம் கூடக் கூடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுமாறும். அதைப் பயன்படுத்துகிறவருக்கே சந்தேகம் வந்துவிடும். லேசர் கருவி அப்படித் தடுமாறாது. நாம் கேட்ட பொருளை விட்டுவிட்டு வேறொன்றின் தூரத்தைத் துல்லியமாக அளந்து, சந்தேகமே எழாதபடி காட்டிவிடும். இந்தக் கருவியை வாங்கப் போகிறவர் மனத்தில் வைக்க வேண்டியது இது ஒன்றைத்தான். மற்ற எல்லாத் தேர்வுகளும் இதிலிருந்தே வருகின்றன.

திரும்பி வந்தது யாருடைய ஒளி?

லேசர் என்றதும் நூல் பிடித்தாற்போல மெல்லிய கோடு நினைவுக்கு வரும். உண்மையில் அதுவும் விரியும். 1000 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் அகலம் விரிந்தால் அதன் விரிகோணம் 1 மில்லிரேடியன். ஒரு கருவியின் கற்றை ஒரு பக்கம் 1.5, இன்னொரு பக்கம் 0.5 மில்லிரேடியன் விரிவதாக வைத்துக்கொள்வோம். 600 மீட்டரில் அது 90 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவுள்ள பட்டையாக விழும். பூநாரையின் உடல் அதில் ஒரு பகுதியைத்தான் மறைக்கும், கால்களோ குச்சிகள். மீதி ஒளி பறவையைத் தாண்டிப் போய் எதிர்க்கரைச் சீமைக்கருவேல மரங்களில் படும். அசையாத தண்ணீரில் பட்ட ஒளி கண்ணாடியில் பட்டதுபோல் அந்தப் பக்கமே தெறித்துப் போய்விடும், நம்மிடம் திரும்பாது. ஆக, பறவையிடமிருந்து ஒரு மெல்லிய ஒளியும் மரங்களிடமிருந்து ஒரு வலுவான ஒளியும் வந்து சேர்கின்றன. வலுவானதையே நம்பும் கருவியாக இருந்தால் மரத்தின் தூரத்தைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிடும்.

பல கருவிகளில் இதற்கு இரண்டு முறைகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, முதலில் வரும் ஒளியை எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, கடைசியில் வருவதை. வெட்டவெளியில் நிற்கும் பறவைக்கு முதலாவது சரி. புதருக்கும் இலைகளுக்கும் பின்னால் நிற்கும் மானுக்கு இரண்டாவது. இரண்டுக்கும் இடையே மாற்ற முடியாத கருவியை, விலை குறைவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

ஒளி மெலியும் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. கற்றை முழுவதையும் தாங்கும் பெரிய சுவரை எடுத்துக்கொண்டால், தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் ஒளி நான்கில் ஒன்றாகும். பறவை கற்றையைவிடச் சிறியது. போகும் ஒளி விரிவதால் அதன்மேல் விழுவதே நான்கில் ஒன்றாகிறது. அது திருப்பி அனுப்புவதும் விரிந்து மறுபடி நான்கில் ஒன்றாகிறது. கையில் கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு. பெட்டியின்மேல் அச்சிடும் 1800 மீட்டர், 2000 மீட்டர் போன்ற எண்கள் பெரும்பாலும் பளபளப்பான பெரிய பலகைக்கானவை. நேர்மையான நிறுவனங்கள் பலகைக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, மானுக்கு ஒன்று என்று மூன்று எண்களையும் தருகின்றன. கடைசி எண்தான் நமக்கு வேண்டியது. பறவை என்றால் அதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு மெலிந்த ஒளியை வெயிலுக்கு நடுவே எப்படி அடையாளம் காண்கிறது? சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டே! திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் பெயரை மைக்கில் ஒரு தடவை சொல்லி நிறுத்த மாட்டார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். இரைச்சல் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், பெயர் மட்டும் மாறாது. நாலாவது தடவை காதில் விழுந்துவிடும். கருவியும் ஒரு துடிப்போடு நிறுத்தாமல் வரிசையாகத் துடிப்புகளை அனுப்புகிறது. வெயிலின் இரைச்சல் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி விழும். உண்மையான எதிரொளி ஒவ்வொரு முறையும் அதே 4 மைக்ரோ வினாடியில் வந்து குவியும். எல்லாவற்றையும் கூட்டினால் அந்த இடத்தில் மட்டும் மேடு தட்டும். பொத்தானை அமுக்கியபின் கையை ஆட்டாமல் சற்று நேரம் பிடிக்கச் சொல்வது இதனால்தான். உச்சி வெயிலில் எட்டாத தூரம் மாலையில் எட்டுவதற்கும் காரணம் இதுவே. மார்கழி மூடுபனி மட்டும் வேறு வகை. பனித்துளிகளே ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், எதிரே 500 மீட்டரில் இருக்கும் மரத்துக்கு 40 மீட்டர் என்று காட்டினால் திகைக்க வேண்டாம்.

செஞ்சியின் சரிவு

கழுவெளி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தின் இன்னொரு முனையில் செஞ்சிக் கோட்டை. ராஜகிரியின் உச்சி அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 800 அடி உயரம். கீழே நின்று உச்சியை அளந்தால் கிடைப்பது சரிவுத் தூரம். வரைபடத்தில் இருப்பது கிடைத் தூரம். 30 பாகை ஏற்றத்தில் கருவி 500 மீட்டர் காட்டினால் கிடைத் தூரம் 433 மீட்டர்தான். குண்டின் இறக்கமும் பெருமளவு கிடைத் தூரத்தைப் பொறுத்தது என்பதால், வேட்டைக்கென்று செய்த கருவிகளில் சாய்வை உணரும் சில்லு ஒன்றையும் வைத்துக் கிடைத் தூரத்தைத் தனியே காட்டுகிறார்கள். மலைப் பகுதியில் வேலை செய்பவருக்கு இது அவசியம். கழுவெளிக்கும் உப்பளங்களுக்கும் மட்டும் போகிறவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கண்ணாடியை மறந்துவிடக் கூடாது

தூரம் அளப்பது இரண்டு வினாடி வேலை. மீதி நேரம் முழுக்க இதை வெறும் பைனாகுலராகத்தான் பயன்படுத்தப் போகிறோம். 8×42 என்றால் 8 மடங்கு பெருக்கம், முன் வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும்: 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 10×42-இல் இது 4.2 மில்லிமீட்டர். அந்தி வெளிச்சத்தில் கண்மணி விரியும்போது இந்த வித்தியாசம் தெரியும். பெருக்கம் கூடினால் கைநடுக்கமும் அதே அளவுக்குப் பெருகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். தொலைவுமானிக்குக் கைநடுக்கம் இரட்டைக் கெடுதல், ஏனென்றால் கற்றையும் சேர்ந்து அலையும். கரையோரக் காற்றில் கையில் பிடித்து அளப்பவருக்கு 8; முக்காலியில் பொருத்துபவருக்கு 10. கண்ணாடி அணிபவர்கள், அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

உள்ளே எண்களைக் காட்டும் முறையிலும் வித்தியாசம் உண்டு. கறுப்பு எழுத்தில் காட்டும் திரை, பார்வையையே சற்று மங்கலாக்கும். அந்தியில் அதில் எழுத்தும் தெரியாது. சிவப்பாக ஒளிரும் எண் இருட்டிலும் தெரியும். அதைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்பப் பட்டகத்தில் பூசும் பூச்சு வெளியிலிருந்து வரும் சிவப்பில் கொஞ்சத்தைத் தடுத்துவிடுவதால், காட்சி சற்றே நிறம் மாறித் தோன்றலாம். பூநாரையின் ரோஜா நிறத்தைக் குறித்துக்கொள்கிறவர் இதைக் கவனிப்பார்.

லேசரும் நல்ல வில்லையும் சேர்ந்த கருவி லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். பறவை நோக்கர்களுக்கு வேறு வழி இருக்கிறது. சாதாரண நல்ல பைனாகுலர் ஒன்று, கோல்ஃப் ஆட்டக்காரர்களுக்காக விற்கும் ஒற்றைக்கண் தொலைவுமானி ஒன்று என்று தனித்தனியே வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும். தொட்ட இடத்துக்கெல்லாம் தூரம் வேண்டும் என்கிற ஆய்வாளருக்குத்தான் இரண்டும் ஒன்றான கருவி தேவை.

பார்க்காத விலங்கை எண்ணுவது

அப்படிப்பட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். காட்டில் எத்தனை புள்ளிமான் என்று கேட்டால் பார்த்ததை மட்டும் சொன்னால் போதாது. பார்க்காமல் விட்டதையும் சேர்க்க வேண்டும். எத்தனையை விட்டோம் என்பது எப்படித் தெரியும்? காட்டுக்குள் நேர்கோடு ஒன்றைத் தீர்மானித்து அதன்மேல் நடப்பார்கள். விலங்கு கண்ணில் பட்டதும் அதன் தூரத்தையும் திசைக்கோணத்தையும் எடுப்பார்கள். அவற்றிலிருந்து அந்த விலங்கு கோட்டுக்கு எவ்வளவு பக்கவாட்டில் இருந்தது என்பது கிடைக்கும். கோட்டிலிருந்து முதல் 20 மீட்டருக்குள் 30 மான், அடுத்த 20 மீட்டரில் 20, அதற்கடுத்ததில் 10 என்று கண்டதாக வைத்துக்கொள்வோம். கோடு எந்த இடம் என்று பார்க்காமல் போட்டது. மான்கள் அதற்காகக் கிட்டே வந்து நிற்கப் போவதில்லை. எல்லாப் பட்டையிலும் ஏறத்தாழ 30 இருந்திருக்க வேண்டும். குறைந்ததெல்லாம் நம் கண்ணுக்குத் தப்பியவை. இதற்குத் தொலைவு மாதிரியெடுப்பு என்று பெயர். கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1980-களில் இந்த வழியில் மான்களையும் காட்டெருதுகளையும் கணக்கிட்டார். 2006 முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் தேசியப் புலிக் கணக்கெடுப்பிலும், புலியின் இரை விலங்குகளை அறிய இப்படிக் கோட்டில் நடப்பது ஓர் அங்கம்.

தூரத்தைக் கண்மதிப்பாகச் சொன்னால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். மனிதர்கள் 47 என்றும் 53 என்றும் சொல்வதில்லை. எல்லாமே 50-ல் வந்து குவியும். அதைவிட மோசமானது ஒரே பக்கமாகத் தவறுவது. எல்லாத் தூரத்தையும் 10 சதவீதம் குறைத்துச் சொன்னால், காட்டில் மான்கள் 11 சதவீதம் கூடுதலாக இருப்பதாகக் கணக்கு காட்டும். காட்டில் ஒரு மான்கூடக் கூடியிருக்காது.

கருவியை வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனைகள் இரண்டு. நேரான நெடுஞ்சாலை ஒன்றின் ஓரத்தில் பத்திரமாக நின்று, 200 மீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லை அளந்து பாருங்கள். வானத்துக்கு எதிரே தனியாக நிற்கும் கம்பம் ஒன்றைப் பிடித்து, கருவிக்குள் தெரியும் குறியை இடப்பக்கமிருந்தும் வலப்பக்கமிருந்தும் மெல்ல அதன்மேல் நகர்த்துங்கள். வானம் ஒளியைத் திருப்பி அனுப்பாது. ஆகவே எண் தோன்றும் இடம்தான் கற்றை உண்மையில் விழும் இடம். குறி கம்பத்தைத் தொடும் முன்பே எண் வந்தால் கற்றை குறியிலிருந்து கம்பம் இருக்கும் பக்கமாக விலகியிருக்கிறது. அந்த விலகலைக் குறித்துக்கொண்டு, கழுவெளியில் பறவையை அளக்கும்போது குறியை அதற்கேற்ப நகர்த்திப் பிடியுங்கள். அப்போதும் பறவைக்கு வரும் எண்ணும் எதிர்க்கரை மரத்துக்கு வரும் எண்ணும் ஒன்றாகவே இருந்தால், அது பறவையின் தூரம் அல்ல. பறவையை விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் சேற்றுத் திட்டையோ கோரைப் புதரையோ அளந்து எழுதிக்கொள்வதே மேல்.